மகளின் பள்ளி முகாமுக்குத் தன்னார்வலராக வரச் சொல்கிறார்கள்: போகலாமா?

போடிக்காரி எழுதியது:

வணக்கம். நாங்கள் வாட்ஃபோர்டில் இருக்கிறோம். மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளியில், இளையோருக்கான டியூக் ஆஃப் எடின்பரோ விருதின் (வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலை) வெண்கல நிலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். நூலகத்தில் தொண்டு, பேட்மின்டன், கித்தார் என்று மற்ற மூன்று பகுதிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மீதமிருப்பது பயணம். மே மாதம் சில்டர்ன் குன்றுகளில் இரண்டு பகல், ஓர் இரவு. அதற்கு முன்பு ஏப்ரலில் ஓர் ஒத்திகைப் பயணம்.

மேற்பார்வைக்கு ஆசிரியர்கள் போதவில்லை, பெற்றோரில் யாராவது வர முடியுமா என்று போன வாரம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. நான் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு விடுப்புக் கேட்டால் கிடைக்கும். ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் மலையோடு எனக்கிருந்த உறவெல்லாம் சிறு வயதில் அப்பாவோடு குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை நடந்ததோடு சரி. இங்கே பூங்காவைச் சுற்றுவதைத் தவிர வேறு நடை கிடையாது. வரைபடம் பார்க்கத் தெரியாது.

போடியில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் மாண்டதை அருகிலிருந்து பார்த்த ஊர் எங்களுடையது. "படிக்கிற பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதே தப்பு, கூடவே நீயும் போகிறாயா?" என்று கேட்டுவிட்டு, அரைமணி நேரம் பேசவே இல்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அங்கே போய் நான் என்ன செய்ய வேண்டியிருக்கும்? சான்றிதழ் ஏதாவது வேண்டுமா? மகளின் குழுவோடு என்னைப் போடச் சொல்லிக் கேட்கலாமா? வழி தவறினால் யார் பொறுப்பு?

---

வெம்ப்ளி வாசன் எழுதியது:

போங்கள், தயங்காதீர்கள். என் மகன் வெண்கலம் முடித்தபோது நான் உதவிக்குப் போனேன். காரில் உட்கார்ந்து தேநீர் குடித்ததுதான் பாதி வேலை. மீதிப் பாதி, மழையில் நனைந்த கூடாரங்களைப் பள்ளி மண்டபத்தில் காயப்போட்டது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், அவ்வளவு சுலபமில்லை. விவரமாகக் கேட்க வேண்டுமென்றால் நம் வட்டுக்கோட்டை அண்ணன் வரட்டும். அவர் பல ஆண்டுகளாக இதே வேலையாக அலைகிறவர்.

---

வட்டுக்கோட்டையான் எழுதியது:

வாசன் கூப்பிட்டுவிட்டார், வந்துவிட்டேன்.

தங்கச்சி, பிள்ளைகளோடு சேர்ந்து நடக்கப் போகிறோம் என்று நினைத்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். இந்த விருதின் பயண விதி என்ன என்றால், நான்கு முதல் ஏழு பேர் கொண்ட குழு பெரியவர் துணையின்றித் தன் உடல் வலுவில் தன் வழியைத் தானே கண்டுபிடித்துப் போக வேண்டும். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும். மோட்டார் வண்டி உதவி கூடாது. மேற்பார்வையாளர் தூரத்தில் இருப்பார். குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் அவர்களைச் சந்திப்பார், முகங்களைப் பார்ப்பார், இரண்டு கேள்வி கேட்பார், போக விடுவார். ஒத்திகைப் பயணத்தில் மட்டும் முதல் சில மணி நேரம் கூடவே நடப்போம். வரைபடத்தைச் சரியாகப் பிடிக்கிறார்கள் என்று நம்பிக்கை வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிவிடுவோம்.

நம்மவர்களுக்கு இந்தப் பின்தங்குவதுதான் வராது. சாப்பிட்டாயா, சாக்ஸ் நனைந்ததா, அந்தப் பக்கம் போகாதே என்று வாய் தானாகவே திறக்கும். வென்டோவர் பக்கத்தில் ஒரு குழு பாதை பிரியும் இடத்தில் நின்று விவாதித்துக்கொண்டிருந்ததை வேலிக்கு அந்தப் புறமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். ஒரு பெண் அதைச் சொன்னாள், யாரும் கேட்கவில்லை. கிளம்பித் தவறான பக்கம் போனார்கள். என்னுடன் முதல் தடவையாக வந்திருந்த ஒரு தகப்பன் கூப்பிடப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தப் பாதையில் சாலை இல்லை, நீர்நிலை இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. கால் மணி நேரத்தில் அதே பெண் வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடக்க, எல்லோரும் திரும்பி வந்தார்கள். நாங்கள் அங்கே இருந்தது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தகப்பனுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

எங்கே விடலாம், எங்கே விடக் கூடாது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் மேற்பார்வை. அதற்காகப் பயணத்துக்கு முன்பே அந்த வழியை நடந்து பார்க்க வேண்டும். அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடம் வாங்குங்கள், 1:25,000 அளவு. அதில் நாலு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். பச்சைக் கோடுகள் மக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள். பழுப்பு நிறத்தில் இருப்பவை சமவுயரக் கோடுகள், அவை நெருங்கி வந்தால் ஏற்றம் செங்குத்து. பள்ளிக்கூடத்தில் புவியியலில் படித்ததுதான், மறந்திருப்பீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூம்ப் ஹில் பக்கம் போய் நடந்தால் கைக்கு வந்துவிடும். 260 மீட்டர்தான், மேலே போயர் போர் நினைவுத்தூண் இருக்கிறது. அங்கே சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அசந்துவிடாதீர்கள். 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து விட்ட ரெட் கைட் என்ற பருந்துகள் இப்போது அந்த வானம் முழுக்கச் சுற்றுகின்றன. சாண்ட்விச்சைக் கையிலிருந்தே கொத்திக்கொண்டு போகும்.

கூம்ப் ஹில்லுக்குச் சற்றுத் தெற்கே பிரதமரின் கிராமத்து மாளிகையான செக்கர்ஸ் இருக்கிறது. ரிட்ஜ்வே நடைபாதை அதன் வண்டிப் பாதையைக் குறுக்கே கடந்து போகிறது. பாதையில் நடந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. விலகி உள்ளே நுழைந்தால் தனிச் சட்டத்தின் கீழ்க் குற்றம். பதினான்கு வயதுக் குழு குறுக்கு வழி தேடும் என்பது எனக்குத் தெரியும், ஆகவே அந்த வழியில் பயணம் அமைந்தால் என் சந்திப்பு இடம் எப்போதும் அங்கேதான். இப்படி ஒவ்வொரு வழியிலும் இரண்டு மூன்று இடங்கள் இருக்கும். வேகமாகக் கார் ஓடும் சாலையைக் கடக்கும் இடம் ஒன்று. கன்றோடு மாடுகள் மேயும் வயல் ஒன்று. மாடு நமக்குப் பழகியதுதானே என்று நினைக்காதீர்கள். கன்று ஈன்ற மாடு கூட்டமாக வந்து மிதிக்கும், இந்த நாட்டில் அதனால் உயிரிழந்தவர்கள் உண்டு. வயலைச் சுற்றிப் போகவும், மாடு துரத்தினால் கையில் பிடித்திருக்கும் நாயை விட்டுவிடவும் சொல்லித்தருவோம்.

நேரக் கணக்கு முக்கியம். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி போட்ட கணக்கைத்தான் இன்றும் எல்லோரும் வைத்திருக்கிறோம். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வோர் இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அவர் வலுவான ஆள், கணக்கும் அவருக்கானது. முதுகில் மூட்டையோடு போகும் பிள்ளைகளுக்கு மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்றுதான் நான் வைப்பேன். பன்னிரண்டு கிலோமீட்டர், முந்நூறு மீட்டர் ஏற்றம் என்றால் நாலரை மணி நேரம், சாப்பாட்டு நேரம் தனி. வெண்கலத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் திட்டமிட்ட வேலை இருந்தால் போதும், அதில் பாதியாவது நடையாக இருக்க வேண்டும். மீதி நேரம் அவர்கள் எடுத்துக்கொண்ட நோக்கத்துக்கானது. பறவைகளைக் குறித்துக்கொள்வது, பழைய தேவாலயங்களை வரைவது என்று ஏதாவது ஒன்று. விழுந்து விழுந்து நடக்கவைப்பதாகப் பெற்றோர் நினைப்பது தவறு.

அவர்கள் எழுதிக் கொடுத்த நேர அட்டையின்படி நாம் காத்திருப்போம். அரை மணி தாமதம் என்றால் ஒன்றுமில்லை, கழிப்பறை தேடியிருப்பார்கள். அதற்கு மேலானால் ஒருவர் சந்திப்பு இடத்திலேயே இருப்பார், இன்னொருவர் அவர்கள் வர வேண்டிய பாதையில் எதிர்த்திசையில் நடப்பார். யாருக்கு எந்தப் பகுதி என்று காலையிலேயே பேசி வைத்திருப்போம். சில பள்ளிகள் முதுகுப்பையில் ஜி.பி.எஸ். கருவி வைத்துவிடுகின்றன. திரையில் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். புள்ளி மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் நகர்ந்தால் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள் என்பதைக் கண்டுபிடிக்க உதவும். பிள்ளை குளிரில் நடுங்குகிறதா என்பதைப் புள்ளி சொல்லாது.

உங்கள் அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். குரங்கணி மார்ச் மாதத்தின் காய்ந்த புல்லில் வந்த தீ. இங்கே மே மாதத்தில் பயப்பட வேண்டியது ஈரத்துக்கும் காற்றுக்கும். பத்து பாகை வெப்பநிலையிலும், நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நின்றால் உடல் சூடு இறங்கிவிடும். வாயாடும் பிள்ளை பேசாமலாகும், நடை தடுமாறும், கேட்டதற்கு ஏறுமாறாகப் பதில் வரும். அப்படி ஒரு முகத்தைச் சந்திப்பு இடத்தில் கண்டால் விருதாவது ஒன்றாவது, நிறுத்தி உலர்ந்த உடை மாற்றி, சூடாகக் குடிக்கக் கொடுத்து உட்கார வைக்க வேண்டியதுதான். ஜீன்ஸ் வேண்டாம் என்று பள்ளிக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருப்பது இதற்காக.

சான்றிதழ் விஷயம். இரவு தங்குவதால் விரிவான டி.பி.எஸ். சான்று, அதாவது குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, எடுக்கச் சொல்வார்கள். தன்னார்வலர்களுக்கு அரசுக் கட்டணம் இல்லை. பள்ளி ஒரு பாதுகாப்பு வகுப்பும் நடத்தும். தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய இடத்தில் இருக்காதே, உன் சொந்த எண்ணைக் கொடுக்காதே, பிள்ளை ஏதாவது சொன்னால் ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதே, இப்படி. நீங்கள் உதவியாளராகப் போவதற்கு இவ்வளவு போதும். பொறுப்பு பயணத் தலைவருடையது, அவரை ஏற்றுக்கொள்வது பள்ளியுடையது. பிடித்துப்போனால் பிறகு லோலேண்ட் லீடர் பயிற்சிக்குப் போகலாம். சமவெளிக்கும் காட்டுப் பாதைக்கும் அது போதும். பதினாறு மணி நேர வெளிப்புற முதலுதவிப் பயிற்சியும் அதோடு வேண்டும். மரமில்லாத மேட்டுநிலத்துக்கு ஹில் அண்ட் மூர்லேண்ட் லீடர். ஸ்னோடோனியா, லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்குத் தங்க நிலைக் குழுவைக் கூட்டிப்போக மவுண்டன் லீடர். அது ஆறு நாள் பயிற்சி, ஐந்து நாள் தேர்வு, தேர்வுக்கு முன்பு மொத்தம் நாற்பது நல்ல மலைநாள்களைக் கணக்கில் காட்ட வேண்டும். அதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள்.

மீதமிருக்கும் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில். மகளின் குழுவில் உங்களைப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். போட்டாலும் மறுத்துவிடுங்கள்.

---

போடிக்காரி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி அண்ணா. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். மாடு மிதிக்கும் பகுதியைப் படித்திருக்கக் கூடாது.

இரண்டு சந்தேகம் இருக்கிறது. மகள் சைவம், குழுவில் வேறு இரண்டு பிள்ளைகளும் அப்படி. என்ன சமைப்பார்கள்? பிறகு, பொதுவில் கேட்கச் சங்கடமாக இருக்கிறது, பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு அந்த நாள்களில் வந்தால்? கூடாரங்கள் ஆண், பெண் தனித்தனிதானே?

---

செம்பருத்தி எழுதியது:

அக்கா, சங்கடப்பட ஒன்றுமில்லை. பெண் தன்னார்வலர்கள் வேண்டும் என்று பள்ளிகள் அலைவதே இதற்காகத்தான். நான் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன், ஓர் இளைஞர் குழுவுடன் வெள்ளி நிலைப் பயணங்களுக்குப் போகிறேன்.

கூடாரங்கள் தனித்தனிதான். பெரியவர்களின் கூடாரம் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும், பிள்ளைகளின் கூடாரத்துக்குள் நாங்கள் நுழைவதில்லை. மாதவிலக்கைப் பற்றி முதல் வகுப்பிலேயே ஆண்பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொண்டே பேசிவிடுவேன். நாப்கினோ கப்போ, பயன்படுத்தியதைப் போட இரண்டு ஜிப் பை, ஒன்றுக்குள் ஒன்று. கை கழுவும் ஜெல். நடுவழியில் காட்டில் புதைக்கக் கூடாது, கையோடு எடுத்து வர வேண்டும். குழுவின் முதலுதவிப் பையில் நாப்கினும் கட்டாயம் ஒரு பொருள் என்று வைத்துவிட்டால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வலி மாத்திரையை நாமாகக் கொடுக்கக் கூடாது. பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் மருந்தகத்தில் இருப்பதால் இந்தப் படிவங்களைச் சரிபார்க்கும் வேலையை உங்கள் தலையில் கட்டுவார்கள், பாருங்கள். ஆஸ்துமா பம்ப், ஒவ்வாமைக்கான எபிபென் ஊசி எல்லாம் முதுகுப்பையின் அடியில் போகாமல் மேலே இருக்கிறதா என்று பார்ப்பதும் அதோடு சேரும்.

சாப்பாடு: கடைசி நாளைத் தவிர, ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது அவர்களே சூடாகச் சமைக்க வேண்டும். கூஸ்கூஸ், நூடுல்ஸ், உடனடி உருளைக்கிழங்கு மசியல் என்று போகும். எங்கள் குழுவில் ஒருத்தி வறுத்த ரவை, கடுகு, கறிவேப்பிலை, முந்திரி எல்லாவற்றையும் வீட்டிலேயே தாளித்துப் பையில் போட்டு வந்தாள். கொதிநீரில் கொட்டிக் கிளறி, பத்து நிமிடத்தில் ஐந்து பேருக்கு உப்புமா. பக்கத்துக் குழுவினர் தட்டோடு வந்து நின்றார்கள். அதே பயணத்தில் இன்னொரு அம்மா, எவர்சில்வர் தூக்கு நிறைய எலுமிச்சை சோறு கட்டி அனுப்பியிருந்தார். அதைச் சுமந்து வந்த பையனின் முதுகைப் பார்த்திருக்க வேண்டும். மூட்டை உடல் எடையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நாற்பத்தைந்து கிலோ பெண்ணுக்குப் பதினொரு கிலோவுக்கு மேல் போனால் தோளும் முழங்காலும் போய்விடும். வீட்டிலேயே எடை போட்டுப் பாருங்கள்.

அடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிராஞ்சியா என்ற ஸ்வீடன் நாட்டு ஸ்பிரிட் அடுப்பு இங்கே பல பள்ளிகளில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் புட்டியிலிருந்து ஸ்பிரிட்டை ஊற்றும்போதுதான் தீப்பிடிக்கும். முழுதாக ஆறிய பிறகு, பெரியவர் பார்த்திருக்க, புட்டியைத் தூரத்தில் வைத்து நிரப்ப வேண்டும். மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது. தீ ஒரு பக்கம் இருக்க, கார்பன் மோனாக்சைடு மணம் இல்லாமல் ஆளைக் கொல்லும். எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்க்கும் நான், இந்த ஒன்றில் மட்டும் பக்கத்தில் போய் நிற்பேன்.

இரவில் சில பிள்ளைகள் அழும். அதுவரை தாயை விட்டு ஓர் இரவுகூடப் பிரிந்திராத பிள்ளைகள் நம் வீடுகளில் அதிகம். வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தால் அழுகை கூடும். சூடாகச் சாக்லேட் பானம் ஒன்று, ஏதாவது ஒரு சின்ன வேலை. கூடாரக் கயிறுகளை இழுத்துக் கட்டச் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள். நான் வெளிப்படையாகச் சொல்கிறேன். இது பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ப்பதற்காகப் பணக்காரப் பள்ளிகள் நடத்தும் கூத்து. பூட்ஸ், முதுகுப்பை, மழைச்சட்டை என்று செலவு வேறு. இதில் நம் சனி ஞாயிறைச் சும்மா கொடுக்க வேண்டுமாம், அதற்கு டி.பி.எஸ்., வகுப்பு, பயிற்சி, தேர்வு. ஊரில் நாங்கள் யார் மேற்பார்வையில் மலை ஏறினோம்? இரண்டு நாள் நடைக்கு இத்தனை காகிதமா?

---

வட்டுக்கோட்டையான் எழுதியது:

கணக்குப்பிள்ளை, உங்கள் கணக்கில் பாதி சரி. விண்ணப்பத்துக்காகவே வருகிற பிள்ளைகள் உண்டு, முகத்தைப் பார்த்தாலே தெரியும். தங்க விருது வாங்கினாலும் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது என்பதை அவர்களின் பெற்றோரிடம் சொன்னால் பாதிப் பேர் முகம் சுருங்கும். செலவும் உண்மை. ஆனால் கூடாரம், அடுப்பு, முதுகுப்பை, மழைச்சட்டை வரை பள்ளிகள் இரவல் கொடுக்கின்றன, கேட்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டு வாங்கிக் குவிப்பது நம் பழக்கம். பூட்ஸ் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். அதையும் பயணத்துக்கு முதல் நாள் புதிதாக வாங்கிப் போட்டு வந்தால் மதியத்துக்குள் குதிகாலில் கொப்புளம்.

பணக்காரப் பள்ளிக் கூத்து என்பதை ஏற்க மாட்டேன். எங்கள் பகுதி அரசுப் பள்ளியில், இலவச மதிய உணவு வாங்கும் பிள்ளைகள்தான் என் குழுக்களில் அதிகம்.

காகிதத்துக்கு வருவோம். 1971 நவம்பரில் எடின்பரோவிலிருந்து ஒரு பள்ளிக் குழு கேர்ன்கார்ம் மலைக்குப் போனது. பனிப்புயலில் மேட்டுவெளியில் மாட்டிக்கொண்டார்கள். கரன் என்ற கல் ஒதுங்கிடத்தைத் தேடிப் போன குழு அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. ஐந்து மாணவர்களும் பயிற்சியில் இருந்த ஒரு தலைவரும் இறந்தார்கள். அந்த ஒதுங்கிடத்தையே பின்னர் அகற்றிவிட்டார்கள். குழுவை மலைக்குக் கூட்டிப்போகிறவருக்கு என்ன தகுதி என்ற கேள்வியை இந்த நாடு உரக்கக் கேட்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். 1993 மார்ச்சில் லைம் விரிகுடாவில் கயாக் பயணம் போன பிளிமத் மாணவர்கள் நான்கு பேர் கடலில் இறந்தார்கள். நடத்திய நிறுவனமும் அதன் இயக்குநரும் தண்டனை பெற்றார்கள், 1995இல் பாராளுமன்றம் உரிமச் சட்டம் போட்டது. இதில் ஒன்று கவனியுங்கள். காசு வாங்கி நடத்தும் நிறுவனங்களுக்குத்தான் அந்த உரிமம். தன் மாணவர்களைத் தானே கூட்டிப்போகும் பள்ளிக்கு அது பொருந்தாது. ஆகவே பள்ளி தனக்குத் தானே காகிதம் போட்டுக்கொள்கிறது. அந்தக் காகிதத்தில்தான் எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, எந்தப் பிள்ளை தூக்கத்தில் நடப்பான், சந்திப்பு இடத்துக்கு வராவிட்டால் எத்தனை மணிக்கு யாருக்குச் சொல்வது என்றெல்லாம் இருக்கிறது. எனக்கு அதைப் படிக்கச் சோம்பல் வருவதில்லை.

ஊரில் யார் மேற்பார்வையில் ஏறினீர்கள் என்று கேட்டீர்கள். எங்கள் வட்டுக்கோட்டையில் ஏறுவதற்கு மலையே இல்லை, அதனால் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. 1956இல் எடின்பரோ கோமகன் பிலிப் இதைத் தொடங்கியபோது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இருந்தது. 1953 எவரெஸ்ட் பயணத்தின் தலைவர் ஜான் ஹன்ட் முதல் இயக்குநர். இரண்டு ஆண்டுக்குப் பிறகுதான் பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இன்று முகாமில் வரைபடம் பிடித்து முன்னால் நடப்பவர்கள் யார் என்று ஒரு தடவை வந்து பாருங்கள். உங்கள் சனிக்கிழமையும் அப்படி ஒன்றும் பெரிதாக வீணாகாது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வருகிறேன் என்று சொல்லவில்லை. எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள்.

---

போடிக்காரி எழுதியது:

இன்று பள்ளிக்குப் பதில் எழுதிவிட்டேன். மகளின் குழு வேண்டாம், வேறு எந்தக் குழுவானாலும் சரி என்று. மகளிடம் சொன்னேன். "நிச்சயமாக வேறு குழுதானே?" என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அண்ணா, உண்ணிக் கடி பற்றி ஒரு வரி சொல்லுங்கள். கடிதத்தில் அதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள்.

---

வட்டுக்கோட்டையான் எழுதியது:

உயரமான புல்லிலும் பெரணியிலும் இருக்கும். காற்சட்டையின் அடியைச் சாக்ஸுக்குள் செருகச் சொல்லுங்கள், பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை. இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டியிருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியையோ நுனி கூர்மையான இடுக்கியையோ வைத்துத் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் கடித்தது என்று எழுதி வைத்துப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த சில வாரங்களில் சிவப்பு வட்டம் படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ லைம் நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும்.

டி.பி.எஸ். விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். சில நேரம் வாரக்கணக்கில் இழுக்கும், ஏப்ரல் ஒத்திகைக்குள் கையில் வர வேண்டும். கடவுச்சீட்டில் இருக்கும் பெயரும் வங்கிக் கடிதத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்களுக்கு அப்பா பெயர், கணவர் பெயர், இனிஷியல் என்று அங்கேதான் சிக்கும்.